இரண்டு லிட்டர் வடிந்தது, மூன்று லிட்டர் ஊற்றினோம்

வடித்தது: இரண்டு லிட்டர். ஊற்றியது: மூன்று லிட்டர். நிறம்: தேன். உலோகத் துகள்: அநேகமாக இல்லை. லெவல்: சரி.

ஒரு சனிக்கிழமை என் டைரியில் நான் எழுதியது இது. 'சரி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டிருக்கிறேன். இதை வாசித்ததும் உங்களில் யாருக்காவது முதுகில் சில்லென்று இருந்தால், நீங்கள் இந்தத் தொழிலுக்குச் சரியான ஆள். எதுவும் தோன்றாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். இருபத்தாறு வருடம் ஒர்க் ஷாப்பில் நின்ற எனக்கு, எழுதின கைக்கே, இரண்டு நாள் எதுவும் தோன்றவில்லை.

அரூரில் சேலம் போகும் ரோட்டில் இருக்கும் இந்த ஒர்க் ஷாப்பில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். முதுகு ஒத்துழைக்காததால் ஐம்பத்து மூன்று வயதிலேயே விலகிக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசும்படி முதலாளி கூப்பிட்டார். எனக்குப் பேச்சு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். நட்டை எப்படிக் கழற்றுவது, எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை முனிராஜ் உங்களுக்குக் காட்டுவார். இதில் அவரும் வருகிறார். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க சார், ஆனா நடந்தத அப்படியே எழுதுங்க" என்றார்.

முதலில் என்னுடைய ஒரு பிடிவாதத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆயிலை ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. கம்பெனி புத்தகத்தில் பத்தாயிரம் என்று போட்டிருக்கும். ஆயிரத்தில் வந்தால் பார்த்துவிட்டு, கழுவி அனுப்பு என்று இருக்கும். ஆனால் புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று உரசித்தான் படியும். அந்த உரசலில் உதிரும் பொடி ஆயிலில் கலக்கும். பெரும்பகுதியை பில்டர் பிடித்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். அந்த மீதி எதற்கு உள்ளே சுற்ற வேண்டும் என்பது என் கேள்வி. மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு வாடகைக் கார் எங்களிடம் வந்தது. வாங்கின நாளிலிருந்து ஆயிலே மாற்றாத வண்டி. நட்டைக் கழற்றியும் ஒன்றும் ஒழுகவில்லை. உள்ளே விட்ட கம்பியோடு களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த எஞ்சினைப் பிரித்து வைத்த மேஜைக்கு முன்னால் அதன் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்த கோலம் என் பிடிவாதத்தை இரட்டிப்பாக்கியது.

அதற்குப் பிறகுதான் பாட்டில் வைக்கும் பழக்கம் வந்தது. ஒவ்வொரு புது வண்டியிலிருந்தும் வடிக்கும் முதல் ஆயிலில் கொஞ்சம் எடுத்து, சிறிய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, வண்டி நம்பரும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டி என் மேஜைக்குப் பின்னால் அடுக்கிவைப்பேன். புது வாடிக்கையாளர் தயங்கினால் ஒரு பாட்டிலை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே சாய்ப்பேன். உள்ளே வெள்ளிப் பொடி மினுங்கும். அதைப் பார்த்த பிறகு மறுத்துப் பேசினவர்கள் குறைவு. 'சாருக்குப் பாட்டில் பழக்கம் உண்டு' என்று ஒர்க் ஷாப்பில் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்தச் சனிக்கிழமை வந்தவர் பிலோமினா டீச்சர். சித்தேரி மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மலைக்குப் போகும் பஸ்ஸை நம்பியே ஏழு வருடத்தைக் கழித்தவர், கடன் போட்டு ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். அவர்கள் குடும்பத்தில் அதுதான் முதல் கார். அவரோடு இன்னும் இரண்டு டீச்சர்கள் அதில்தான் போய் வந்தார்கள். வண்டி ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தது.

"புது வண்டிக்கு எதுக்குங்க சார் ஆபரேஷன்? கம்பெனில பத்தாயிரம் வரைக்கும் தொடவே வேணாம்னுட்டாங்களே" என்றார்.

நான் பாட்டிலை எடுத்தேன். சாய்த்தேன். மினுங்கியது.

"அடேங்கப்பா, இது என் வண்டிக்குள்ளயும் இருக்குங்களா?"

"எல்லா வண்டிலயும் இருக்கும்ங்க டீச்சர்."

"சரி, நாங்களும் அப்படித்தான். பெரிய பரீட்சைக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் வெச்சிருவோம். மாத்திருங்க."

முனிராஜ் வண்டியை லிப்ட்டில் ஏற்றினார். அவர் அப்போதே பன்னிரண்டு வருட மெக்கானிக், சுத்தமாக வேலை செய்கிறவர். ஆனால் அந்த மாடல் சந்தைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்களிடம் வந்த முதல் வண்டி அதுதான். வழக்கமாக நான் லிப்ட்டுக்கு அடியில் போய் நிற்பேன். அன்றைக்கு டீச்சர் நல்ல கேள்விகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கிற ஆள் கிடைத்தால் நான் நிறுத்தமாட்டேன். மேஜையிலேயே நின்று, உரசல் என்றால் என்ன, பொடி எங்கிருந்து வருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அடியிலிருந்து முனிராஜின் குரல் வந்தது. "சார், அடியில பிளாஸ்டிக் தட்டு போட்டு மூடி வெச்சிருக்கான்."

"நட்டு தெரியுதா?"

"ஒண்ணு தெரியுதுங்க."

"கழட்டுங்க."

தம்பி, தங்கைகளே, நடந்தது இவ்வளவுதான். 'ஒண்ணு தெரியுதுங்க' என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அது பதில் கிடையாது. வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறார். நான் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மூணு லிட்டர் ஊத்தியாச்சுங்க. லெவல் பாத்துரலாங்களா?" என்றார். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதைத்தான் கேட்டார். நான் பேச்சை விடாமல் கையை மட்டும் உயர்த்தி "ஆச்சு ஆச்சு" என்றேன். பேச்சு முடிந்தாயிற்று, நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்ற அர்த்தத்தில் சொன்னேன். சார் பார்த்துவிட்டார் என்று அவர் எடுத்துக்கொண்டார். பிறகு, அவர் பார்த்திருப்பார் என்று நான் டிக் போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பில்டர் அன்றைக்கு ஸ்டாக்கில் இல்லை, அதனால் அதைத் தொடவில்லை. அதைக் கழற்றியிருந்தாலாவது அதோடு வழிகிற ஆயில் உண்மையைச் சொல்லியிருக்கும். பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த ஆயில் அழகான தேன் நிறத்தில் இருந்தது. வெளிச்சத்தில் காட்டினேன். ஒன்றும் மினுங்கவில்லை.

"உங்க எஞ்சின் தங்கம்ங்க டீச்சர்" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆயிரத்து நூறு கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் துகள் இல்லாத தேன் நிற ஆயில். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்த்திராத ஒன்றைப் பார்த்ததும் சந்தேகம் வரவேண்டும். எனக்குச் சந்தோஷம் வந்தது. டைரியில் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை. எட்டு மணிக்கு மேல் மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் தன் புது வண்டியோடு வந்தார்.

"வாங்கி ஒரு மாசந்தான் ஆவுது, அதுக்குள்ள எண்ணெய் மாத்தச் சொல்றீங்க. நீங்க ஒர்க் ஷாப் வெச்சிருக்கீங்களா, எண்ணெய்க் கடை வெச்சிருக்கீங்களா?"

சிரித்துக்கொண்டே கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்தேன். அது டீச்சருடையது. இதில் மினுக்கம் இருக்காதே என்று திரும்ப வைக்கப் போனவன், மூடி தளர்ந்திருப்பதைப் பார்த்து இறுக்குவதற்காகத் திருகினேன். மூடி கையோடு வந்துவிட்டது.

அப்போது அந்த வாசனை வந்தது.

கியர் பாக்ஸில் ஊற்றும் ஆயிலுக்குத் தனி வாசனை உண்டு. அழுகின வெங்காயத்தையும் தீக்குச்சி மருந்தையும் சேர்த்து முகர்ந்த மாதிரி இருக்கும். எஞ்சின் ஆயில் எவ்வளவு பழசானாலும் அந்த வாசனை வராது. பாட்டில் கழுவாததாக இருக்கும் என்று ஒரு விநாடி நினைத்தேன். பிறகு டைரியைப் புரட்டினேன். வடித்தது இரண்டு லிட்டர். அந்த எஞ்சினில் மூன்று லிட்டருக்கு மேல் இருக்கும். இரண்டு லிட்டர் பிடிப்பது அதன் கியர் பாக்ஸ்.

முனிராஜுக்குத் தெரிந்த அந்த ஒரே நட்டு கியர் பாக்ஸ் நட்டு. எஞ்சின் நட்டு பிளாஸ்டிக் தட்டுக்கு மேலே மறைந்திருந்தது. கியர் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருந்த எஞ்சினில் இன்னும் மூன்று லிட்டரை ஊற்றி, 'லெவல்: சரி' என்று எழுதி, அந்த அம்மாவைச் சிரித்த முகத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

"என்னாங்க சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார் மண்டிக்காரர்.

கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு இருபத்திரண்டு. டீச்சர் எட்டு மணிக்கு அரூரை விட்டுக் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்திருப்பார், அதோடு சரி, வண்டி அதிகம் ஓடியிருக்காது. இன்றைக்குத்தான் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறப்போகிறது. ஆயில் இல்லாத கியர் பாக்ஸ் சமவெளியில் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். ஏற்றத்தில் சூடேறி, ஏதாவது ஓரிடத்தில் இறுகிக்கொள்ளும். இறுகினால் முன் சக்கரங்கள் அப்படியே நின்றுவிடும். அந்தப் பாதையின் ஒரு பக்கம் என்ன இருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

டீச்சருக்குப் போன் செய்தேன். அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைப் பையில் போட்டுவிடுகிறவர். மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. எட்டு இருபத்து நான்கு.

அடுத்த ஐந்து நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை.

முனிராஜைக் கூப்பிட்டுப் பாட்டிலை நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். கடவுளே என்பதை வீட்டில் பேசும் கன்னடத்தில் "அய்யோ தேவரே" என்றார். நான் ஸ்டோருக்குள் போனேன். கியர் ஆயில் டப்பாக்களை எடுத்தேன். ஆயில் வடிக்க அடியில் வைக்கும் தட்டை எடுத்தேன். புனலைத் தேடினேன். கை வேலை செய்துகொண்டிருந்தபோது மனசு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தது. 'ஒண்ணும் இல்லீங்க டீச்சர், ஒரு நட்டு டைட் பண்ண வேண்டியிருக்குது, அஞ்சு நிமிஷம்.' மலையில் அவரைப் பிடித்து, இதைச் சொல்லி, ஓரமாக நிறுத்தி, ஆயிலை ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. 'டைட் பண்ண' என்பதா, 'செக் பண்ண' என்பதா என்றுகூட யோசித்தேன். புனல் கிடைக்கவில்லை. வேறொன்றை எடுத்தேன்.

முனிராஜ் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"சார், நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவுங்க பாதி மலை போயிருவாங்க. அடிவாரத்து டீக்கடைக்குப் போன் போடுங்க. வண்டி ரோட்டுல நின்னா அவருதான நமக்குச் சொல்லுவாரு? நம்பர் உங்ககிட்ட இருக்குது."

இருந்தது. என் டைரியிலேயே இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். டீக்கடைக்காரரிடம் காரணம் சொல்லவேண்டியிருக்கும். அதனால்தான்.

எட்டு இருபத்தொன்பதுக்குப் பேசினேன்.

"அண்ணா, டீச்சரோட வெள்ளைக் கார் அந்தப் பக்கம் வரும். கையக் காட்டி நிறுத்திருங்க."

"வெள்ளைக் காருங்களா? இப்பத்தானுங்க தாண்டுச்சு. ரெண்டு நிமிசம் இருக்கும். அக்கட்டால வளைவுல பொக மட்டும் தெரியுது."

இரண்டு நிமிடம். நான் அந்தப் பொய்க்கு வார்த்தை தேடிய நேரம் அதைவிட அதிகம்.

"யாராச்சும் பைக்ல போய் நிறுத்த முடியுங்களா?"

"எங்க மச்சான் இருக்காரு, அனுப்பறேன். என்னான்னு சொல்லட்டும்?"

மண்டிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். முனிராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். "கியர் ஆயிலே இல்லாம நான் வண்டிய அனுப்பிட்டேன்னு சொல்லுங்க. மேக்கொண்டு ஓட்டக் கூடாதுன்னு சொல்லுங்க."

"என்னாது? இல்லாமயா?"

"இல்லாமதாங்க."

நானும் முனிராஜும் போய்ச் சேரும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது. மூன்றாவது வளைவில், இறங்கி வந்த பஸ் முன்னால் கார் நின்றிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ரோட்டில். கார் மலைப்பக்கம் நின்றிருந்ததா, பள்ளத்துப்பக்கம் நின்றிருந்ததா என்றுதான் முதலில் பார்த்தேன். நடுவில் நின்றிருந்தது. முன் சக்கரத்திலிருந்து ஓரம் ஆறு அடி இருக்கும். அந்த இடத்தில் தடுப்புக்கல் உடைந்துபோயிருந்தது.

டீச்சர் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். பைக்கில் வந்த மச்சான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, இன்னொரு டீச்சரைப் பள்ளிக்கூடச் சாவியோடு ஏற்றிக்கொண்டு மேலே போயிருந்தார். ஆகவே டீச்சருக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாக்கியம் இன்னும் என் வாயில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். நட்டைப் பார்க்கவில்லை என்றேன். லெவல் பார்க்காமல் டிக் போட்டேன் என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கூவற மாதிரி ஒரு சத்தம்ங்க. மேல ஏறட்டும், பாத்துக்கலாம்னு வந்தேன். இந்த வளைவுல கியர் மாறவே இல்ல. அப்புறம் யாரோ புடிச்சு இழுத்து நிறுத்தின மாதிரி டக்குனு நின்னுருச்சு. ஏத்தத்துல மெதுவாத்தான் வந்தேன். சாயங்காலம் எறங்கறப்ப..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த டீச்சர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் டிரைவர் என்னிடம் வந்தார். "புது வண்டிய ரெண்டே நாள்ல பழைய இரும்பாக்கிட்டீங்களே, எந்த ஒர்க் ஷாப்புங்க? பேரச் சொல்லுங்க, எங்க ஆளுங்க அந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டாங்க." கூட்டம் சிரித்தது. சக்கரம் சுழலாததால் தள்ள முடியவில்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து முன்பக்கத்தைத் தூக்கித் தூக்கி மலை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். நானும் பிடித்தேன். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு டீச்சரும் பிடித்தார்.

பஸ் போனபிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "சார், நான் கம்பெனி சொன்னதக் கேட்டு, உங்ககிட்ட வராமலே இருந்திருந்தா?"

"வண்டி நல்லா ஓடிட்டு இருந்திருக்கும்ங்க டீச்சர்."

தலையை ஆட்டினார். பையை எடுத்துக்கொண்டு, அடுத்து வந்த ஜீப்பில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

கியர் பாக்ஸ் போய்விட்டது. வெளி ஆட்கள் கழற்றியதால் கம்பெனி வாரண்டியில் வராது. எங்கள் ஒர்க் ஷாப்பே புதிதாகப் போட்டுக் கொடுத்தது. எஞ்சின் பிழைத்தது. அதிலிருந்து ஆறு லிட்டருக்கு மேல் வடிந்ததை முனிராஜும் நானும் அளந்து எழுதினோம். யார் செய்தது என்று முதலாளி கத்தியபோது, "நாந்தாங்க கழட்டுனேன்" என்று முனிராஜ் முன்னால் வந்தார். டைரியை மேஜைமேல் விரித்து டிக்கைக் காட்டினேன். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. கிழிக்கவில்லை.

ஆயிலை முன்கூட்டி மாற்றுவது நல்லதா என்று கேட்டால் இன்றைக்கும் நல்லது என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்காக ஒரு நட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும், நன்றாக ஓடுகிற வண்டியில் கை வைக்கிறோம். நாம் கை வைக்காவிட்டால் அது நன்றாகவே ஓடியிருக்கும். எந்த நட்டு என்று கண்ணால் பாருங்கள். வடிந்ததை அளந்து பாருங்கள், முகர்ந்து பாருங்கள். தப்பு நடந்துவிட்டால் முதல் போனிலேயே முழுசாகச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிக்கிற நேரத்தில் அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

டீச்சர் இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஐந்தாயிரம் கிலோமீட்டரில் வந்தார். சாவியைக் கொடுத்தார். மேஜைப் பக்கம் வராமல் நேராக லிப்ட்டுக்கு அடியில் போய் நின்றார். "எந்த நட்டுங்க முனிராஜ்?" என்றார். முனிராஜ் தட்டைக் கழற்றி, இரண்டையும் டார்ச் அடித்துக் காட்டினார். வடிந்ததை அளந்தோம். பில்டரையும் மாற்றினோம். ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்தியாயிற்று. டீச்சர் தானே டிப்ஸ்டிக்கை உருவினார், துணியில் துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

நான் டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பேனாவ இங்க குடுங்க சார்" என்றார்.

அன்றைய பக்கத்தில் இருக்கும் டிக் அவர் போட்டது.